தண்ணீர் இழுக்க ஒரு புது வண்டி

தண்ணீர்த் தொட்டியை இழுத்துக்கொண்டு ஊரிலிருந்து திரும்பும் வழியில் ஓரெஸ்ட் ஒரு முடிவுக்கு வந்தார். புது பிக்கப் வண்டி வாங்கியே தீருவது. ஜீனியா என்ன சொன்னாலும் சரி.

நாற்பத்தோரு வருட இல்லறத்தில் 'ஜீனியா என்ன சொன்னாலும் சரி' என்று அவர் எடுத்த முடிவுகள் ஏழெட்டு இருக்கும். ஒவ்வொன்றிலும் கடைசியில் ஜீனியா சொன்னதுதான் சரி என்று ஆகிப்போனது. ஆனாலும் மனிதர் மனம் தளரவில்லை.

சஸ்காட்சுவான் சமவெளியில் அது மழை பொய்த்த மூன்றாவது வருடம். பண்ணைக் குட்டை வறண்டு, அடிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நூற்றிருபது மாடுகள் நின்ற இடத்தில் இப்போது நாற்பத்தாறு. அந்த நாற்பத்தாறுக்கும் தாகம் மட்டும் நூற்றிருபதுக்கு உண்டானது. தினமும் இரண்டு நடை ஊர்க் கிணற்றுக்குப் போய்த் தண்ணீர் கொண்டு வரவேண்டும். பழைய வண்டிக்கு வயது இருபத்துமூன்று. மேட்டில் ஏறும்போது அது விடும் மூச்சைக் கேட்டால் யாராவது பாதிரியாரைக் கூப்பிட ஓடுவார்கள்.

இதெல்லாம் ஜீனியாவிடம் சொல்ல வைத்திருந்த காரணம். சொல்லாமல் வைத்திருந்த காரணம் வேறு.

ஓரெஸ்டின் வலது கண் போய்க்கொண்டிருந்தது. வசந்தத்தில் வேலிக் கம்பங்கள் வளைந்து தெரிந்தன. கம்பம்தான் சாய்ந்துவிட்டதென்று கடப்பாரையோடு போய்த் தடவிப் பார்த்தார். கம்பம் நேராகத்தான் இருந்தது. ஜூனில் பார்வையின் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு விழுந்தது. இப்போது அந்தப் பொட்டு ஒரு தட்டளவு. அந்தக் கண்ணால் யாருடைய முகத்தைப் பார்த்தாலும் காதும் தொப்பியும் தெரிந்தன, நடுவில் ஆள் இல்லை. இடது கண்ணிலும் கோடுகளும் எழுத்துகளும் நெளியத் தொடங்கியிருந்தன. டாக்டரிடம் போனால் வண்டி ஓட்டாதே என்பார். வண்டி ஓட்டாவிட்டால் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாவிட்டால் மாடு இல்லை. மாடு இல்லாவிட்டால் ஓரெஸ்ட் என்ன? அதனால் டாக்டரிடம் போகவில்லை.

அன்று சாப்பாட்டு மேசையில் பேச்சைத் தொடங்கினார்.

"ஜீனியா, பழசு இனி தாங்காது. இழுக்க மாட்டேங்குது."

"இழுக்காததுக்கு அது என்ன பண்ணும். நீ அதை வச்சு இருபத்துமூணு வருஷமா இழுத்தடிக்கிற."

"அதான் புதுசு வாங்கலாம்கிறேன்."

"எதை இழுக்க? இருக்கிறதே நாப்பத்தாறு. இன்னும் ரெண்டு மாசம் மழை இல்லன்னா அதுவும் ஏலத்துக்குத்தான். அப்புறம் புது வண்டியில யாரை ஏத்திட்டுப் போவ? என்னையா?"

"பிரேக் ஒரு பக்கமா இழுக்குது."

"இப்பத்தான் இழுக்கலன்ன."

ஓரெஸ்ட் உருளைக்கிழங்கில் கவனம் செலுத்தினார். ஜீனியா அவர் கோப்பையில் காப்பியை ஊற்றிவிட்டுக் கேட்டாள்.

"ஆமா, வண்டியோட வலது பக்கக் கண்ணாடி எப்படி ஒடஞ்சது?"

"சொன்னேனே. மான் வந்து மோதிச்சு."

"என்ன நிறம்?"

"மானுக்கு என்ன நிறம்? மான் நிறம்தான்."

"வண்டியில பச்சைப் பெயின்ட் ஒட்டியிருக்கு ஓரெஸ்ட்."

ஓரெஸ்ட் காப்பியை எடுக்கக் கை நீட்டி, கோப்பைக்கு இரண்டு அங்குலம் தள்ளிக் காற்றைப் பிடித்தார். பிறகு மேசையைத் துடைக்க வந்தவர்போல உள்ளங்கையால் தேய்த்தார். ஜீனியா கோப்பையை அவர் கைக்கருகே நகர்த்தினாள்.

பச்சைப் பெயின்ட் அடித்திருந்தது பக்கத்துப் பண்ணைக்காரர் மெட்ரோவின் தபால் பெட்டிக்கு. ஜூலையில் ஒருநாள் காலை, வெயில் நன்றாக ஏறியிருந்த நேரம், ஓரெஸ்ட் அதைக் கம்பத்தோடு சாய்த்துவிட்டார். சத்தம் கேட்ட பிறகுதான் அங்கே ஒரு பெட்டி இருந்ததே நினைவுக்கு வந்தது. இறங்கிப் பார்த்தபோது பத்தடி தள்ளி மெட்ரோவின் மனைவி ஓல்கா நின்றிருந்தாள். கையில் அப்போதுதான் எடுத்த தபால்.

"நாளைக்கே புதுக் கம்பம் நட்டுத் தர்றேன் ஓல்கா. ஜீனியாகிட்ட மட்டும் சொல்லாத."

"சொல்ல மாட்டேன்" என்றாள் ஓல்கா.

ஓல்கா வாக்குத் தவறாதவள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜீனியாவின் கையைப் பிடித்து இழுத்துப்போய், சாய்ந்து கிடந்த கம்பத்தைக் காட்டினாள். தான் நின்ற இடத்தைக் காட்டினாள். இரண்டுக்கும் நடுவே நடந்து காட்டினாள். இது ஓரெஸ்டுக்குத் தெரியாது.

மறுநாள் ஓரெஸ்ட் டவுனிலிருக்கும் வண்டிக் கடைக்குப் போனார். விற்பனையாளர் கிளென் அவரை ஒரு வெள்ளி நிற வண்டியைச் சுற்றிக் கூட்டிப்போனான். முன்னால் கேமரா, பின்னால் கேமரா. சாலைக் கோட்டைத் தாண்டினால் மணி அடிக்கும். எதிரே ஏதாவது வந்தால் தானே பிரேக் போடும்.

"தபால் பெட்டி வந்தா?" என்று கேட்டார் ஓரெஸ்ட்.

"சார், யானை வந்தாலும் நிக்கும்."

"யானை வேண்டாம். சின்னதா வந்தா?"

"கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம் சார்."

கிளென் அதை விளையாட்டாகச் சொன்னான். ஓரெஸ்டுக்கு அது தேவவாக்காகக் கேட்டது. தனக்கு இல்லாத கண் வண்டிக்கு இருந்தால் போதாதா. வீடு வரும் வழியெல்லாம் ஜீனியாவை மடக்க ஒன்பது வாதங்களைத் தயார் செய்தார். முதல் வாதத்தை எடுக்க வாயைத் திறந்தபோது ஜீனியா சொன்னாள்:

"யோசிச்சுப் பாத்தேன். வாங்கிடலாம்."

ஓரெஸ்ட் திறந்த வாயை மூட மறந்தார். பூட்டு உடைக்க வந்தவனுக்குக் கதவு திறந்தே கிடந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவருக்கு.

"ஆனா கியர் மாத்துற வண்டி வேணாம். தானா மாறுறது வாங்கு. அந்தப் பழசுல கிளட்ச மிதிச்சா என் முழங்கால் கழண்டுடுது."

"நீ எதுக்கு மிதிக்கப்போற?"

"எதுக்கோ. அப்புறம் வண்டி என் பேர்ல இருக்கட்டும்."

பெயர் யாருடையதாக இருந்தால் என்ன, கை வைக்கப்போவது நான்தானே என்று ஓரெஸ்ட் நினைத்தார். அன்று மாட்டுக் கொட்டிலில் தனியாக நின்று சிரித்துக்கொண்டார். நாற்பத்தோரு வருடத்தில் முதல் வெற்றி. ஒன்பது வாதமும் மிச்சம்.

அடுத்த வெள்ளிக்கிழமை இருவரும் கடைக்குப் போனார்கள். முதலில் ஜீனியாவைப் புதன்கிழமைக்குத்தான் கூப்பிட்டார் ஓரெஸ்ட். அவள் முடியாதென்றுவிட்டாள். புதன்கிழமை மதியங்களில் அவள் தேவாலயக் கூடத்துக்கு, விற்பனைக்காகப் பைரோகிக் கொழுக்கட்டை பிடிக்கப் போவாள். ஆறு வாரமாகப் போகிறாள். வீட்டுக்கு ஒரு பைரோகி வந்ததில்லை. கேட்டால் எல்லாம் விற்றுப்போச்சு என்பாள். நம் ஊரில் இவ்வளவு தின்கிறார்களா என்று ஓரெஸ்ட் வியந்ததோடு சரி.

கிளென் மேசையில் காகிதங்களை அடுக்கினான். ஜீனியா ஒவ்வொன்றையும் படித்துக் கையெழுத்திட்டாள். சாட்சியாக ஓரெஸ்டும் இட வேண்டியிருந்தது. எழுத்துகள் அவர் கண்ணுக்கு எறும்புப் புற்றைக் கிளறிவிட்டதுபோல ஓடின. ஆனாலும் காகிதத்தை எடுத்து, புருவத்தைச் சுருக்கி, 'ம்' கொட்டி, படிக்கிறவன் எவ்வளவு நேரம் படிப்பானோ அவ்வளவு நேரம் வைத்திருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கோடு இருக்கும் இடத்தை ஜீனியா விரலால் தொட்டுக் காட்டினாள்.

கிளென் சாவி எடுக்க உள்ளே போனான். ஜீனியா கைப்பையைத் திறந்து இன்னொரு காகிதத்தை எடுத்து வைத்தாள்.

"இதுலயும் ஒண்ணு போடணும்."

"கொடு."

"படிச்சுப் பாத்துப் போடு."

ஓரெஸ்ட் எடுத்தார். புருவம் சுருங்கியது. 'ம்' வந்தது.

"படிச்சியா?"

"படிச்சேன்."

"என்ன போட்டிருக்கு?"

"என்னத்தப் போடுவான். இன்சூரன்ஸ்தான்."

"நல்லாப் பாரு ஓரெஸ்ட். அவசரமில்ல."

"எழுத்துக் கூட்டிப் படிக்க நான் என்ன ஒண்ணாம் கிளாஸா? பேனாவக் கொடு."

அவள் பேனாவைக் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. நான் படிச்சுக் காட்டுறேன்."

"நல்லாத் தெரியுது."

ஜீனியா பேனாவைக் கொடுத்தாள். அவர் போட்டார். அவள் காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. புது வண்டி வாங்கிய சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார் ஓரெஸ்ட். பெண்கள் அப்படித்தான்.

வெளியே வந்து வண்டியின் ஓட்டுகிற பக்கம் போனார். கதவைத் திறந்தார். இருக்கையில் ஏற்கெனவே ஜீனியா இருந்தாள். சீட் பெல்ட் போட்டிருந்தாள்.

"தள்ளு."

"மாட்டேன்."

"வெளையாடாத ஜீனியா. சாயங்கால நடைக்குத் தண்ணி எடுக்கணும். தொட்டியக் கோத்து இழுக்க உனக்குத் தெரியாது."

"தெரியும். மெட்ரோ வீட்டு முற்றத்துல அவன் தொட்டியக் கோத்து ஆறு புதன்கிழமை இழுத்திருக்கேன்."

ஓரெஸ்டுக்குப் பைரோகி வராத காரணம் விளங்கியது.

"சரி, தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும். இன்னிக்கு நான் ஓட்டுறேன். இறங்கு."

ஜீனியா அந்தக் காகிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"கடைசியாக் கையெழுத்துப் போட்டியே, அதப் படி. படிச்சுட்டு நீயே சொல்லு யார் ஓட்டணும்னு."

ஓரெஸ்ட் காகிதத்தைக் கிட்டே பிடித்தார். எட்டப் பிடித்தார். தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தார். வெயில் போதவில்லை என்பதுபோல வானத்தைப் பார்த்தார். மூன்று வருடமாக வெயிலைத் தவிர வேறொன்றும் கொடுக்காத வானம் அது. கை மெல்லக் கீழே இறங்கியது.

"நீயே படி" என்றார்.

அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. மனப்பாடமாகச் சொன்னாள். "என் பார்வைக் குறைவால், என் ஓட்டுநர் உரிமத்தை நானே விரும்பித் திருப்பித் தருகிறேன். இப்படிக்கு, நீ."

சாலையில் ஒரு தானிய லாரி போனது.

"இது ஏமாத்து வேலை."

"ஆமா."

"கிழிச்சுப் போடு."

"போடுறேன். மொத வரிய மட்டும் படிச்சுக் காட்டு. இங்கேயே கிழிச்சுடுறேன். சாவியும் தர்றேன்."

ஓரெஸ்ட் வண்டியின் முன்பக்கத்தைக் கையால் தடவிக்கொண்டே சுற்றிப்போய் மறுபக்கம் ஏறினார். வண்டி ஊர் எல்லையைத் தாண்டியது. ஜீனியா பேச்சைத் தொடங்கினாள்.

"பத்தடி. ஓல்கா பத்தடி தள்ளி நின்னா."

"தெரியும். அதுக்காகத்தான் இந்த வண்டி. இதுக்குக் கேமரா இருக்கு."

"வண்டிக்குக் கண்ணு வாங்கினா உனக்கு வந்துடுமா?"

கையெழுத்துதான் தன்னுடையது, தலையெழுத்து ஜீனியா எழுதியது என்று ஓரெஸ்ட் நினைத்தார். ஆனால் சொல்லவில்லை. அதையும் அவள் திருத்திவிடுவாள்.

திங்கட்கிழமை அவளே சாஸ்கட்டூன் நகரத்துக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். வேலிக் கம்பத்திலிருந்து தொடங்கி ஓரெஸ்ட் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, டாக்டர் அம்மா வெகுநேரம் விளக்கடித்துப் பார்த்தார். இடது கண்ணுக்கு மாதம் ஒரு ஊசி போட்டுக் காப்பாற்றலாம் என்றார். வலது கண் அவ்வளவுதான்.

"எப்ப வந்திருந்தா இதையும் காப்பாத்தியிருக்கலாம்?" ஜீனியா கேட்டாள்.

"வேலிக் கம்பம் வளைஞ்ச அன்னைக்கு" என்றார் டாக்டர்.

கண்ணில் ஊசி குத்தும்போது ஓரெஸ்ட் ஜீனியாவின் கையைப் பிடித்துக்கொண்டார். 'அப்பவே சொல்லியிருக்கலாம்ல' என்று அவள் கேட்பாள் எனக் காத்திருந்தார். அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மழை வரவில்லை. செப்டம்பர் முழுக்க ஜீனியா தினம் இரண்டு நடை தண்ணீர் இழுத்தாள். ஓரெஸ்ட் பக்கத்தில் உட்கார்ந்து மேடு வருது, பள்ளம் வருது என்று சொல்லிக்கொண்டே வந்தார். வண்டி அதையே அவருக்கு முன்னால் மணி அடித்துச் சொன்னது. அக்டோபரில் ஊர்க் கிணறும் அளந்து ஊற்றத் தொடங்கியது. இருபது மாடுகளை ஏலத்துக்குக் கொண்டுபோவது என்று இருவருமாக முடிவு செய்தார்கள். ட்ரெய்லரில் ஏற்றும்போது ஓரெஸ்ட் ஒவ்வொன்றின் முதுகிலும் கை வைத்தார். கை வைத்தாலே அவருக்கு எது எதுவென்று தெரியும்.

ஏல மைதானத்தில் இருபது வண்டிகள் வரிசையில் நின்றன. எல்லாரும் மாட்டை விற்க வந்தவர்கள். நீளமான மாட்டு ட்ரெய்லரை ஒரு குறுகிய வாசலுக்குப் பின்னோக்கி விட வேண்டும். எவ்வளவு பெரிய ஆளும் மூன்று முறை முன்னே பின்னே போகாமல் அங்கே நுழைந்ததில்லை.

இதுதான் சமயம் என்று ஓரெஸ்டுக்குத் தோன்றியது. ஓட்டத்தான் முடியாது. ஆனால் பின்னால் நின்று வழி சொல்ல ஆள் வேண்டுமே. அந்த வாசலில் முப்பது வருடம் ட்ரெய்லர் விட்டவர் அவர். கதவைத் திறந்து இறங்கினார். ட்ரெய்லரின் பின்மூலைக்குப் போய்க் கால்களை அகல ஊன்றி நின்றார். இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

"எடது. இன்னும் எடது. மெல்ல. ஒடி, ஒடி."

வண்டி நின்றது. ஓரெஸ்ட் நிமிர்ந்தார். தன் பேச்சைக் கேட்டு அவள் நிறுத்தி எவ்வளவு நாளாயிற்று. வரிசையில் நின்ற ஆட்கள் பார்ப்பார்கள் என்று கையை இன்னும் உயர்த்தி ஆட்டினார்.

மஞ்சள் கோட்டு போட்ட மைதானத்து ஆள் ஒருவன் வந்து அவர் தோளைத் தொட்டான்.

"பெரியவரே, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க. ஓட்டுற அம்மாவுக்குக் கண்ணாடிய மறைக்கிறீங்க."