ஏழு நாள் கேரண்டி

வானமாமலை வீட்டுக்குள் ஓடி வந்து, கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, அதன் பிறகும் திருப்தி வராமல் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். எதிர்ச் சுவரில் கண்ணாடி. கண்ணாடியில் அவருடைய முகம். முகத்தில் வலது கன்னம் முழுக்க, காதுவரைக்கும், கத்தரிப்பூ நிறத்தில் சாயம்.

ஏழு நாளைக்கு எதைப் போட்டுத் தேய்த்தாலும் அந்தச் சாயம் போகாது. இந்த விஷயம் வானமாமலைக்குத் தெரிந்த அளவுக்கு மும்பையில் வேறு யாருக்கும் தெரியாது. ஏனென்றால் அதைக் கலக்கியவரே அவர்தான்.

தாராவியில் அவர் வேலை பார்க்கும் ஷகீலின் சாயப் பட்டறை இருபது வருடமாக ஹோலிப் பொடி செய்து பிழைத்தது. இரண்டு வருடமாக வியாபாரம் படுத்துவிட்டது. மூடிவிடலாமா என்று ஷகீல் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் போலீசுக்குக் கலர் குண்டு செய்து தரும் வாய்ப்பு வந்தது. கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டை. உள்ளே சாயம். கூட்டம் கூடிக் கலாட்டா செய்தால் அதற்கென்று உள்ள துப்பாக்கியில் போட்டுச் சுடுவார்கள். மேலே பட்டதும் உடைந்து அப்பிக்கொள்ளும். அப்புறம் போலீஸ் சாவகாசமாக டீ குடித்துவிட்டுத் தெருத்தெருவாக வந்து, சாயம் பட்ட மூஞ்சியாகப் பார்த்து வேனில் ஏற்றிக்கொள்ளலாம்.

முதல் பெட்டி போன வாரமே ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. இன்று நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் பட்டறைக்கு வருகிறார். பிடித்திருந்தால் ஒரு வருட ஆர்டரில் கையெழுத்துப் போடுவார். பிடிக்காவிட்டால் பட்டறைக்குப் பூட்டு. வானமாமலையோடு சேர்த்து ஒன்பது பேர் வீட்டில் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான்.

கதவு தட்டப்பட்டது. வானமாமலைக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது.

"கதவத் தொறங்க, நாந்தான்" என்றது மனைவி முப்பிடாதியம்மாளின் குரல். குரல் கரகரவென்று கிடந்தது.

இடுப்பில் காலிக் குடத்தோடு உள்ளே வந்தாள். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. புருஷனின் கன்னத்தைப் பார்த்தாள். அலறவில்லை. பக்கத்தில் வந்து, துணிக்கடையில் சேலையைப் பார்ப்பதுபோல ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் புடிச்சிருக்கு" என்றாள்.

"ஏட்டி, நான் செத்துக்கிட்டு இருக்கேன், நீ தரம் பாக்கியாக்கும்? எங்க போன இவ்வளவு நேரம்?"

"தண்ணி லாரி வந்திருக்கான்னு பாக்கப் போனேன்."

"தொண்டைக்கு என்ன?"

"லாரிக்காரன் நிக்காம போறான். கத்தாம என்ன செய்ய? அத விடுங்க. இது எப்படி?"

வானமாமலை சொன்னார். அவர்கள் சந்துக்கு ஐந்து நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை. காலையில் பெண்கள் காலிக்குடங்களோடு போய் மெயின் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். போலீஸ் வந்தது. கலர் குண்டுத் துப்பாக்கியும் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் வானமாமலைக்குக் கால் நிற்கவில்லை. பெற்ற பிள்ளை மேடையேறும்போது அப்பன் போய்ப் பார்க்காமல் இருப்பானா? போய், போலீஸ் வேனுக்குப் பின்னால் பாதுகாப்பாக நின்றுகொண்டார். 'டப் டப்' என்று சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, எப்படி வெடிக்கிறது பார்ப்போம் என்று தலையை மட்டும் நீட்டினார். அவ்வளவுதான், கன்னத்தில் 'சப்' என்று விழுந்தது. திரும்பிப் பார்க்காமல் ஓடி வந்துவிட்டார்.

முப்பிடாதி முழுவதையும் கேட்டாள்.

"நீங்க எந்தப் பக்கம் நின்னிய?"

"வேன் பக்கம்."

"அஞ்சு நாளா தண்ணி இல்லாத வீட்டு ஆம்பள, வேன் பக்கம் நின்னியளோ?"

வானமாமலைக்குச் சுருக்கென்றது. உண்மையைச் சொன்னால், நிற்கும்போதே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கப்பட இப்போது நேரமில்லை.

"தண்ணி கொண்டாட்டி, முதல்ல கழுவிப் பாப்போம்."

"குடிக்க அரைக்குடம் இருக்கு. அதுல ஒங்க மூஞ்சியக் கழுவவா? வேணும்னா வேன்காரங்ககிட்டப் போயிக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு, சமையல் மேடையிலிருந்து தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து வந்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் உள்ளங்கை நிறைய ஊற்றிக் கன்னத்தில் வைத்துத் தேய்த்தாள்.

"ஐயோ, எண்ணெ வேண்டாம்!"

"ஏன்?"

"எண்ணெ பட்டா அது பரவும்ட்டி! நாந்தானே அப்படிக் கலக்குனேன்!"

பரவியது. வலது கன்னத்தில் மட்டும் இருந்தது, மூக்கைத் தாண்டி இடது கன்னத்தையும் பார்த்துவிட்டு, கழுத்துக்கு இறங்கியது.

"இத நீங்க முன்னயே சொல்லியிருக்கணும்" என்றாள் முப்பிடாதி.

உண்மையில் முன்பே சொல்லியிருந்தார். இரண்டு மாதமாகத் தினமும் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அவர் பேசியதெல்லாம் குண்டைப் பற்றித்தான். சாயத்தில் என்ன சேருகிறது, மேல்தோல் எதில் செய்தது, எந்தக் குளிரில் கல்லாகும், எந்தச் சூட்டில் இளகும் என்று எல்லாவற்றையும் சொல்வார். முப்பிடாதி 'ம்' கொட்டிக்கொண்டே ரசம் ஊற்றுவாள். அவள் காதில் வாங்குவதாக அவர் நினைத்ததே இல்லை.

அடுத்ததாக எலுமிச்சம்பழம். பாதிப் பழத்தைப் பிழிந்து அவரே அவசரமாகத் தேய்த்துக்கொண்டார். தேய்த்து முடித்த பிறகுதான், கம்பளிக்குச் சாயம் ஏற்றும்போது புளிப்பு விட்டால்தான் கெட்டியாகப் பிடிக்கும் என்கிற தொழில் ரகசியம் ஞாபகம் வந்தது. முப்பது வருட அனுபவம் எப்போதும் கொஞ்சம் லேட்டாகத்தான் வரும். சாயம் இப்போது கத்தரிப்பூ நிறத்திலிருந்து கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது.

போன் அடித்தது. ஷகீல்.

"அண்ணே, எங்க இருக்கீங்க? ஜல்தி வாங்க. இன்ஸ்பெக்டர் சாப் நாலு மணிக்கு ஷார்ப்பா வர்றாராம். நீங்கதான் எல்லாத்தையும் விளக்கணும்."

வானமாமலை விஷயத்தைச் சொன்னார்.

"அண்ணே, இது பெரிய லோச்சா, சிக்கல். சாயத்தோட வந்தீங்கன்னா, கலாட்டா பண்ணவன்னு உங்களைத் தூக்கிருவாங்க. கலாட்டாக்காரன் வேல பாக்குற பட்டறைக்கு எவன் ஆர்டர் தருவான்?"

"அதான் பாய், எப்படியாவது அழிச்சிட்டு வாரேன்."

"அழிச்சிராதீங்க! அழிஞ்சா ஏழு நாள் கேரண்டி என்னாகுறது? சாப் பாத்தா ஆர்டர் போச்சு!"

"அப்ப நான் என்னதான் செய்ய?"

"அதுக்குத்தான் நானும் யோசிக்கேன்" என்று ஷகீல் போனை வைத்தார்.

யோசனை முடியும்வரை சும்மா இருக்க முடியாமல் முப்பிடாதி பாண்ட்ஸ் பவுடரை எடுத்து அப்பினாள். எண்ணெயும் எலுமிச்சையும் ஏற்கனவே இருந்ததால் பவுடர் குழைந்து, முகம் நாலு நாள் வைத்திருந்த கேழ்வரகுக் களிபோல ஆயிற்று. வானமாமலை கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டார்.

மணி மூன்றானது. ஷகீல் மறுபடி கூப்பிட்டார். "அண்ணே, ஐடியா! நீங்க உங்க மேலயே டெஸ்ட் பண்ணிப் பாத்ததா சொல்லுவோம். நம்ம ஐட்டம் மேல அவ்வளவு நம்பிக்கை, தன் மூஞ்சிலயே சுட்டுப் பாத்துட்டாருன்னு அடிச்சு விடுதேன். எப்படியாவது யார் கண்ணுலயும் படாம பட்டறைக்கு வந்திருங்க!"

யார் கண்ணிலும் படாமல் எப்படிப் போவது? துண்டைக் கட்டினால் போலீஸ் அவிழ்க்கச் சொல்லும். முப்பிடாதி பக்கத்து வீட்டுக்குப் போனாள். சேசம்மாளின் மகன் ஜிபின் ஓட்டல் சாப்பாடு டெலிவரி செய்கிறவன். அவனுடைய ஹெல்மெட்டோடு வந்தாள். அதைப் புருஷன் தலையில் மாட்டும்போது, "ஸ்ஸ்" என்று வலது தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னட்டி?"

"குடம் தூக்கித் தூக்கிச் சுளுக்கிக்கிட்டு. நடங்க, நானும் வாரேன்."

காலிக்குடத்தைத் தூக்கினால் சுளுக்குமா என்று வானமாமலைக்குத் தோன்றியிருக்கலாம். ஆனால் ஹெல்மெட்டுக்குள் ஒருவருக்கு அதிகம் தோன்றாது.

சந்து முனையில் ஒரு கான்ஸ்டபிள் நின்றுகொண்டிருந்தார். சட்டையில் ஜெயராம் என்று பெயர். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழர்.

"அண்ணா, ஒரு நிமிஷம். ஹெல்மெட் போட்டுண்டு நடந்து போறேளே, பைக் எங்கே?"

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து முனகல் மட்டும் வந்தது.

"பைக் ரிப்பேர். மெக்கானிக் கிட்ட எடுக்கத்தான் போறோம்" என்றாள் முப்பிடாதி.

ஜெயராம் ஹெல்மெட்டை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"உங்களை எங்கேயோ பார்த்திருக்கேனே அக்கா?"

"ரேஷன் கடையில பாத்திருப்பிய."

"எனக்கு ரேஷன் மாட்டுங்காவில."

"அப்ப வேற யாரையோ பாத்திருப்பிய" என்று சொல்லிவிட்டுப் புருஷனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

சரியாக நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். மராட்டிக்காரர், கனமான உடம்பு, சிரிக்காத முகம். அவருக்குப் பின்னால் ஒரு ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதே ஜெயராம். வானமாமலை ஹெல்மெட்டைக் கழற்றி, வாசலோரம் நின்ற முப்பிடாதியிடம் கொடுத்தார். ஷகீல் தன் ஹிந்தியில் பிளந்து கட்டினார். இந்த மனிதரைப் பாருங்கள் சாப், தொழில் பக்தி என்றால் இதுதான், ஊரார் மேல் சுடுவதற்கு முன்னால் தன் மேலேயே சுட்டுப் பார்த்தார், எண்ணெய் போட்டார், எலுமிச்சை போட்டார், பவுடர் போட்டார், சாயம் அசையவில்லை.

இன்ஸ்பெக்டர் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து வானமாமலையின் கன்னத்தில் தேய்த்தார். பவுடர் வந்தது. சாயம் வரவில்லை.

"கலர் ஏக் நம்பர்" என்றார். ஷகீல் மூச்சு விட்டார்.

"ஆனால் குண்டு பேகார், உதவாது" என்றார் இன்ஸ்பெக்டர். ஐஸ் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்துத் தரையில் ஓங்கி அடித்தார். குண்டு துள்ளிக் குதித்து மூலையில் போய் உட்கார்ந்தது. "காலையில் நாற்பது குண்டு சுட்டோம். ஒன்றுகூட வெடிக்கவில்லை. பெண்கள் சிரித்துக்கொண்டே பொறுக்கி எடுத்துக்கொண்டார்கள். ஸ்டேஷன் மானம் போயிற்று. இந்த ஆர்டரை ரத்து செய்யத்தான் வந்தேன்."

ஒன்றுகூட வெடிக்கவில்லையா? அப்படியானால் தன் கன்னத்தில் வெடித்தது எது? வானமாமலைக்குத் தலை சுற்றியது. ஆனால் ஐஸ் பெட்டியைப் பார்த்ததும் எல்லாக் கேள்வியும் மறந்து தொழில்காரர் முழித்துக்கொண்டு, தெரிந்த ஹிந்தியில் கேட்டார்.

"சாப், இத ஐஸ்ல வச்சியளா?"

வெயிலில் உருகிவிடுமே என்று வைத்ததாக இன்ஸ்பெக்டர் சொன்னார்.

"அடக் கடவுளே! குளிர்ல வச்சா இது கல்லு சாப்! இதுக்கு உடம்புச் சூடு வேணும்."

ஒரு குண்டை எடுத்துத் தன் அக்குளில் வைத்து இடுக்கிக்கொண்டார். பத்து நிமிடம் எல்லோரும் அந்த அக்குளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு எடுத்துச் சுவரில் எறிந்தார். 'சப்' என்று உடைந்து, சுவரில் கத்தரிப்பூ நிறத்தில் பெரிதாக அப்பிக்கொண்டது. ஒன்பது பேரின் சோற்றுத் தட்டும் அந்தச் சுவரில் தெரிவதுபோல வானமாமலைக்குக் கண் கலங்கியது.

இன்ஸ்பெக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். ஆர்டரை வாங்கி, மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடும்போது கேட்டார்: "இந்த ரகசியம் வேறு யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் முதலாளிக்கும் மட்டுந்தான் சாப். வேற ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது!" என்று வானமாமலை நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் போய் ஜீப்பில் ஏறினார். ஐஸ் பெட்டியை எடுக்கக் குனிந்த ஜெயராம், வானமாமலையின் காதருகே வந்து தமிழில் மெதுவாகச் சொன்னார்:

"அண்ணா, காலைல ஒரே ஒரு குண்டு வெடிச்சதை சாப் பார்க்கலை, நான் பார்த்தேன். ஒரு அக்கா அதைப் பொறுக்கி இடுப்புல சொருகி, பொறுமையா பத்து நிமிஷம் வச்சிருந்து, முன்னாடி நின்ன எங்களையெல்லாம் விட்டுட்டு, வேனுக்குப் பின்னாடியிருந்து தலையை நீட்டின உங்களைத்தான் குறி பார்த்து எறிஞ்சா. அதோ, உங்க ஹெல்மெட்டைப் பிடிச்சுண்டு நிக்கறாளே, அவாதான்."