இருபத்தோராவது பாய்

வாவாவு தீவில் கர்த்தருடைய கிருபையில் இருக்கும் மதிப்பிற்குரிய கலோலைனே அக்கா அவர்களுக்கு, உங்கள் தம்பி பெண்சாதி லேசியேலி கொலோங்காவிலிருந்து தாழ்மையோடு எழுதிக்கொள்வது. நீங்கள் நலமா என்று கேட்க எனக்கு முகம் இல்லை. கேட்காமல் எழுதினால் கடிதமாகாது என்பதால் கேட்கிறேன். இங்கே நானும் மகள் ஹேலாலாவும் இருக்கிறோம். பன்றிகள் நலம். உங்கள் தம்பியின் குழிமேல் வெள்ளை மணல் கொட்டிவிட்டோம், சுற்றிலும் கல் வைக்க வேண்டும். நான் அதிகம் படித்தவள் இல்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, நீங்கள் கோபித்துக்கொண்டு கப்பலேறிய நாளிலிருந்து ஊரில் தலைகாட்ட முடியவில்லை. எல்லாம் அந்த மோசெசேயால் வந்தது. வயிற்றில் சுமந்தவள் நான்தான், ஆனால் பிரிஸ்பேன் போய்ப் பொருளாதாரம் படிக்கிறேன் என்றானே, அன்றோடு அவன் எனக்குப் பிள்ளையில்லை, அந்தப் புத்தகத்துக்குப் பிள்ளை. நீங்கள் கண் நோகப் பின்னிய பாயை விற்றுத்தானே அவன் விமானம் ஏறினான்? திரும்பி வந்தவன் அப்பாவின் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுவான் என்று நான் வாசலில் நிற்கிறேன், அவன் உள்ளே வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, “இவ்வளவு கிழங்கு யாரும்மா கேட்டா? தேவைக்கு மேல வந்து குவிஞ்சிருக்கே!” என்கிறான். சாவு வீட்டுக்கு ஊரார் கேட்டுக்கொண்டா கொண்டுவருவார்கள்? நான் அழுதால், “அம்மா, போன செலவு போனதுதான். இனிமே எடுக்கிற முடிவுல அதைச் சேர்க்கக் கூடாதுன்னு எங்க பாடத்துல இருக்கு” என்று முதுகைத் தடவுகிறான். அவன் கிழங்கைச் சொன்னானா, அப்பனைச் சொன்னானா, இன்று வரைக்கும் எனக்குத் தெரியவில்லை அக்கா.

போதகரிடமும் வாயைக் கொடுத்தான். முதல் பிரசங்கத்தில் கிடைக்கிற ஆறுதல் மூன்றாவதில் பாதியாகிவிடும், அதனால் இரண்டோடு நிறுத்தலாம் என்றான். போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “தம்பி, ஆறுதலை அளக்கிற படி உங்க ஊர்க் கடையில கிடைக்குதா? எனக்கும் ஒண்ணு வாங்கியா” என்று சொல்லிவிட்டு, வேண்டுமென்றே ஐந்து பிரசங்கம் செய்தார். பிறகு சமையல் பக்கம் போனான். செத்தவரின் பிள்ளை கிழிந்த பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு புகையில் கிடக்க வேண்டும், அதைச் செய்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சும்மா கிடந்தானா? வேலையைப் பிரித்தால் சீக்கிரம் முடியுமாம். நீ கிழங்கு சீவு, நீ தேங்காய் உடை, நீ கல்லைச் சூடாக்கு, நீ பன்றியை இறக்கு, அவனவன் வேலையை அவனவன் பார், அடுத்தவன் வேலையில் கை வைக்காதே என்று சொல்லிவிட்டான். குழியடுப்பை இலை போட்டு மண் தள்ளி மூடுவது யார் வேலை என்று மட்டும் சொல்லவில்லை. எல்லாரும் தங்கள் வேலையை முடித்துவிட்டு நல்ல பிள்ளைகளாகக் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். மாவட்ட அதிகாரியின் இலைக்கு வேகாமல் போன பன்றி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது என்று ஊரில் இன்னும் சிரிக்கிறார்கள். என் புருஷன் சாவில் ஊர் சிரித்தது அக்கா.

இதையெல்லாம் நீங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தீர்கள். அடக்கம் முடிந்து பாய்களை விரித்தபோதுதான் அந்தப் பாவி எழுந்து நின்றான். செத்தவருடைய அக்காவுக்குத்தான் முதல் பாய், பெரிய பாய் என்பது பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். இவன் எல்லார் முன்னாலும், “அத்தை, உங்க வீட்டுல ஏற்கெனவே இருபது பாய் இருக்கு. இருபத்தோராவது பாயில உங்களுக்கு என்ன பெரிய சந்தோஷம் வந்துடப் போகுது? பக்கத்து வீட்டு சிசிலியா அக்காவோட கூரை புயல்ல போச்சு, அவங்களுக்குக் கொடுத்தா அதிகப் பலன்” என்றான். நீங்கள் அப்போது சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். “சந்தோஷத்துக்காடா வாங்குறேன்? அவன் தலைமாட்டுல உட்கார்ந்ததுக்கு வாங்குறேன்.” அவ்வளவுதான் சொன்னீர்கள். பிள்ளைகளின் முடியை வெட்டித் துக்கம் கழிக்க எடுத்து வைத்திருந்த கத்திரிக்கோலைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தீர்கள். அந்தக் கத்திரிக்கோல் பையில் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

நீங்கள் போனபிறகு அவனைக் கேட்டேன், துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டேன். “ஏண்டா, அத்தை உனக்கு என்னடா செஞ்சா?” அப்போதுதான் சொன்னான். அங்கே வகுப்பில் ஆசிரியர் பெரிய திரையில் ஒரு படம் போட்டாராம். நம் ஊரைப் போல ஒரு சாவு வீடு, மலைபோலப் பாய், பன்றி. ‘வீண் செலவுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது’ என்றாராம். கூடம் முழுக்கச் சிரித்ததாம். சிரித்து முடித்து எல்லாரும் திரும்பி இவனைப் பார்த்தார்களாம். “அங்க நான் ஒருத்தன்தாம்மா நம்ம ஆளு” என்றான். அதற்காக என் வீட்டுச் சாவில் வந்து அவர்களுக்குப் பதில் சொல்கிறானா? அங்கே திறக்காத வாயை உங்களிடம் திறந்தானே! துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டேன், அடிக்கவும் மனம் வரவில்லை, அணைக்கவும் மனம் வரவில்லை. பரீட்சை இருக்கிறது என்று மறுநாளே கிளம்பிவிட்டான். விமான நிலையத்தில் இடுப்பில் இருந்த துக்கப் பாயைச் சட்டைக்குள் திணித்து மறைத்ததை என் கண்ணால் பார்த்தேன். அங்கே இறங்கியதும் குப்பையில் போட்டிருப்பான். முடியையும் ஏதாவது கடையில் வெட்டியிருப்பான், காசு கொடுத்தால் வெட்ட மாட்டார்களா?

அதனால் அக்கா, அவனுக்காக நான் உங்களிடம் எதுவும் கேட்கவில்லை. அவன் அந்த ஆசிரியருக்கே பிள்ளையாக இருக்கட்டும். ஹேலாலா என்ன பாவம் செய்தாள்? அவள் முடி வெட்டப்படாமல் இருக்கிறது, இடுப்புப் பாயோடு படுத்து இடுப்பு புண்ணாகிவிட்டது. நீங்கள் வந்து கழித்தால்தான் இந்த வீட்டிலிருந்து துக்கம் வெளியே போகும். வேறு யார் கை பட்டாலும் செல்லாது என்று உங்களுக்கே தெரியும். இன்னொன்று, சிசிலியா, அவன் தூக்கிக் கொடுத்த அந்தப் பெரிய பாயை மூன்றாம் நாளே சுருட்டிக்கொண்டு வந்து வைத்துவிட்டாள். “எனக்கு வேண்டாம்மா, அதுமேல உட்கார்ந்தா உங்க நாத்தனார் என் முதுகையே பார்க்கிற மாதிரி இருக்கு” என்றாள். அந்த அதிகப் பலன் கூரை இல்லாத வீட்டில் இரண்டு ராத்திரிக்கு மேல் தூங்கவில்லை. பாய் உங்களுக்காகக் காத்திருக்கிறது. மகளுக்காக மட்டும் வாருங்கள். அந்தப் பையனை நம் குடும்ப ஜெபத்தில்கூடச் சேர்க்க வேண்டாம்.

கர்த்தர் உங்கள் கண்ணுக்கும் பின்னுகிற விரலுக்கும் பலம் கொடுப்பாராக. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி விட்டுப்போன
லேசியேலி

பின்குறிப்பு: அக்கா, உறையை ஒட்டும்போது சிசிலியா ஓடிவந்தாள். அவள் மகள் அதே பல்கலைக்கழகத்தில்தான் தரை துடைக்கிறாள், இப்போதுதான் போனில் பேசினாளாம். மோசெசே அந்தக் கிழிந்த பாயை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் தினமும் வகுப்புக்குப் போகிறானாம், அதே கூடத்துக்கு, முதல் வரிசைக்கு. முடி கண்ணை மறைக்கிறதாம். பரீட்சை அன்று காவல் நின்ற அம்மாள், உள்ளே சீட்டு ஒளித்திருப்பாய், அவிழ்த்துவிட்டு உட்கார் என்றாராம். “எங்க அத்தை வந்து அவிழ்க்கணும், நான் தொடக் கூடாது” என்று சொன்னானாம். வெளியே அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதம் ஒரு மறுபரீட்சை தருவார்களாம், அதையும் விட்டால் வருஷம் போச்சு. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள், எனக்குத் திரும்ப எழுத நேரமில்லை, கப்பல் கிளம்பப் போகிறது. இங்கே வர வேண்டாம். ஹேலாலா பொறுத்துக்கொள்வாள். பெரிய பாயை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். அது உங்களுடையது, விரித்தாலும் சரி, விற்று டிக்கெட் எடுத்தாலும் சரி. நேராகப் பிரிஸ்பேனுக்குப் போங்கள். கத்திரிக்கோலை விமானத்தில் கையில் வைத்துக்கொள்ள விடமாட்டார்களாம், பெட்டிக்குள் போடுங்கள். அவனை முதலில் நன்றாக நாலு வார்த்தை திட்டுங்கள். வெட்டும்போது மட்டும் ஒட்ட வெட்டாதீர்கள் அக்கா, காதை மூடுகிற அளவுக்கு விடுங்கள். அங்கே இப்போது குளிர்காலம்.