புறப்படாமலே குடியேறியவர்

டில்லியில் குரங்குக்கும் புறாவுக்கும் அடுத்தபடியாகப் பெருகிக் கிடக்கும் இனம் ஒன்று உண்டு. விமான நிலையத்தில் தேடாதீர்கள், அங்கே அகப்படாது. ஜனக்புரியில் ஏதாவது ஒரு மூன்றாம் மாடி ஃபிளாட்டில், எதிரே திறந்த லேப்டாப்பும் பக்கத்தில் ஆறிப்போன காப்பியும் நடுவில் ஓயாத பேச்சுமாக உட்கார்ந்திருக்கும். வெளிநாட்டுக்குப் போய், வேலை தேடி, வீடு பிடித்து, குளிருக்குப் பழகி, அந்த ஊர்க்காரராகவே மாறிப்போக மற்றவர்களுக்கு ஐந்தாறு வருஷம் பிடிக்கிறது. இவருக்கு அதெல்லாம் இங்கேயே முடிந்துவிட்டது. விசா மட்டும்தான் பாக்கி.

மாதிரிக்கு ஜோதிலிங்கத்தை எடுத்துக்கொள்வோம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் எஞ்சினியர். வருகிற நவம்பரில் வயது நாற்பது. மனைவி பூங்கோதை அரசு மருத்துவமனையில் நர்ஸ். மகள் அகல்யாவுக்குப் பன்னிரண்டு வயது. தமிழ் பேசுவாள், படிக்கச் சொன்னால் தலைவலி வந்துவிடும். மூவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். ஆனால் ஜோதிலிங்கம் மட்டும் நாலு வருஷமாக டொராண்டோவில் வசிக்கிறார்.

எப்படி என்கிறீர்களா? அவர் வீட்டு ஃபிரிட்ஜின் மேலிருக்கும் கடிகாரம் டொராண்டோ மணிதான் காட்டும். மே மாத வெயிலில் ஜனக்புரியே பொரிந்துகொண்டிருக்கும்போது, சரோஜினி நகர் சந்தையில் பேரம் பேசி வாங்கிய பனிக்கோட்டை மாட்டிக்கொண்டு, "உடம்பு இப்பமே பழகணும்லா" என்று ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். அந்த ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் வழிவிடுவார்களாம் என்று, மெட்ரோவில் ராஜீவ் சௌக்கில் இறங்க வேண்டியவர், முண்டியடித்து ஏறுகிற கூட்டத்துக்கெல்லாம் "ஸாரி, ஆஃப்டர் யூ" என்று ஒதுங்கி நின்று, மண்டி ஹவுஸ் வரை போய்த் திரும்பி வருவார். ஆட்டோவில் ஏறினால் சீட் பெல்ட் தேடுவார். கிடைக்காவிட்டால்? இறங்குகிற வரை ஓட்டுகிறவருக்கு உபதேசம்தான்.

எதிர் ஃபிளாட் மகாதேவன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் நிஜமாகவே கனடாவுக்குப் போய்விட்டார். அப்படியும் சிலர் செய்வதுண்டு. அங்கிருந்து அவர் ஆசையாகப் போன் பண்ணுவார்.

"இங்க இன்னைக்கு நல்ல வெயில் அடிக்குதுப்பா."

"இருக்காது. ஜன்னலத் தொறந்து நல்லாப் பாரும்."

இவ்வளவு தெரிந்தவர் ஏன் இன்னும் போகவில்லை? அதற்கு ஐயெல்ட்ஸ் என்ற ஆங்கிலப் பரீட்சையே காரணம். பேசுதல், படித்தல், எழுதுதல், கேட்டல் என்று அதில் நாலு பகுதி. ஜோதிலிங்கம் இரண்டு தடவை எழுதினார். பேசுதலில் எட்டரை! தேர்வு நடத்திய அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தம் அக்கா மகனைக் கனடாவுக்கு அனுப்புவது பற்றி இவரிடமே யோசனை கேட்டாராம். சொன்னது ஜோதிலிங்கம், நம்புவது உங்கள் பாடு. படித்தலும் எழுதுதலும் குறைவில்லை. கேட்டலில் மட்டும் ஐந்தரை, ஆறாவது வேண்டும். இரண்டு தடவையும் அதே ஐந்தரை.

நாற்பது பிறந்தால் குடியேற்றக் கணக்கில் வயதுக்குரிய புள்ளிகள் இன்னும் இறங்கிவிடும், ஃபைலை மூடிவிட வேண்டியதுதான் என்று விசா கன்சல்டன்ட் அரோரா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆக, அக்டோபரில் எழுதும் மூன்றாம் தடவையே கடைசித் தடவை.

பூங்கோதை எதைச் சொன்னாலும் முடிவில் "கேட்டியளா?" என்று ஒன்று சேர்ப்பார். அது அவர்கள் ஊர்ப் பேச்சு. ஜோதிலிங்கமும் தவறாமல் "கேட்டேன், கேட்டேன்" என்பார். அது அவர் சுபாவம். பரீட்சைக்கு முந்தைய வாரம் சப்பாத்தி திரட்டிக்கொண்டே பூங்கோதை சொன்னார்:

"நானும் அந்தப் பரீட்சைக்குப் பேரு குடுத்திருக்கேன். சனிக்கிழம எனக்கு... இல்ல இல்ல, அது உங்களுக்கு, எனக்கு வியாழக்கிழம. அன்னைக்கு அகல்யாவ நீங்கதான் ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரணும், கேட்டியளா?"

"கேட்டேன், கேட்டேன். அங்க ஸ்கூல் பஸ்ஸு மஞ்சக் கலர்ல இருக்கும். அது நின்னா பின்னால வார காரெல்லாம் அப்படியே நின்னுரும். நம்ம ஊர்ல ஒழுங்குன்னா ஒழுங்குதான்."

நம்ம ஊர் என்றால் எந்த ஊர் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும்.

பரீட்சை நாளும் வந்தது. காதில் ஹெட்போன். ஒலிப்பதிவு ஒரே ஒரு தடவைதான் ஓடும் என்று முதலிலேயே எச்சரித்தார்கள். ஒரு பெண் நூலகத்துக்குப் போன் செய்து உறுப்பினர் அட்டை கேட்கிறாள். முகவரிச் சான்று கொண்டுவாருங்கள் என்கிறான் அங்கிருப்பவன். ஜோதிலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. டொராண்டோவில் என்னென்ன சான்று செல்லும் என்பது அவருக்கு மனப்பாடம். இந்தப் பையன் பாதியை விட்டுவிட்டான். அவர் மனதுக்குள் அவனைத் திருத்திக்கொண்டிருந்தபோது மூன்று கேள்விகள் ஓடிப்போயின. "செவ்வாய்க்கிழமை வாருங்கள்" என்றான் அவன். ஜோதிலிங்கம் வெற்றிக் களிப்போடு 'செவ்வாய்' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார். "மன்னிக்கவும், செவ்வாய் விடுமுறை, புதன்கிழமை வாருங்கள்" என்று அவன் தொடர்ந்தது யாருக்கோ கேட்டது.

முடிவு ஒரு மாலை மெட்ரோவில் வரும்போது போனில் வந்தது. ஐந்தரை. ஜனக்புரி வெஸ்ட்டில் இறங்கி பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்தவர் அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. நாலு வருஷமாக வாழ்ந்த ஊரிலிருந்து ஒரே நொடியில் வெளியேற்றினால் யாருக்குத்தான் வலிக்காது? இவ்வளவு கேலி செய்கிற எனக்கே பாவமாக இருந்தது.

வீட்டுக்குள் வந்தவர் டொராண்டோ கடிகாரத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதிலேயே பூங்கோதைக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தம் போனை எடுத்து அவர் முன்னால் வைத்தார். பேசுதல் ஏழு. படித்தல் ஏழரை. எழுதுதல் ஏழு. கேட்டல் ஒன்பது. ஒன்பதுக்கு மேல் அந்தப் பரீட்சையில் மதிப்பெண்ணே கிடையாது.

"இது யாருது?"

"என்னுதுதான். உங்களுக்கு அவ்வளவு ஆசையாச்சே, ஒண்ணு இல்லாட்டா ஒண்ணாவது கைகுடுக்கட்டும்னு எழுதினேன்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே!"

"அப்பா, அம்மா டோல்ட் யூ," என்றாள் அகல்யா. "நீங்க 'கேட்டேன், கேட்டேன்' சொன்னீங்க. அன்னிக்கு ஸ்கூலுக்கு வரவே இல்ல. நான் ஈ-ரிக்‌ஷால வந்தேன்."

மறுநாள் ராஜேந்திரா பிளேஸ் ஆபீஸில் அரோரா இரண்டு தாள்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நர்ஸ் வேலை, வயது முப்பத்தாறு, கேட்டலில் ஒன்பது. ஃபைலைத் தலைகீழாகத் திருப்பினார். இனி மேடம்தான் விண்ணப்பதாரர், சார் மேடத்துடன் செல்லும் துணை. "நான் முதல்ல போய் செட்டில் ஆகி உன்னைக் கூப்பிட்டுக்கிடுதேன்" என்று நாலு வருஷமாகச் சொல்லி வந்தவர் அந்தத் தாளை எட்டிப் பார்த்தார். துணை என்றுதான் போட்டிருந்தது.

"மேடம், கோச்சிங் கஹான் லியா?" என்றார் அரோரா. பயிற்சி எங்கே எடுத்தார் என்று அவருக்கு ஒரே ஆச்சரியம்.

"கர் மே ஹீ, அரோரா ஜி. சௌதா சால் ஸே."

வீட்டில்தான், பதினாலு வருஷமாக. கல்யாணமாகியும் பதினாலு வருஷம்தான்.

திரும்பும் மெட்ரோவில் பூங்கோதை பேசினார். "அங்க போனா முதல்ல எனக்குத்தான் வேல கெடைக்கும். கொஞ்ச நாளு நீங்க வீட்டுல இருந்து சமைக்கணும், அகல்யாவப் பாத்துக்கிடணும். சம்மதம்னாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன். கேட்டியளா?"

'கேட்டேன், கேட்டேன்' என்று வழக்கம்போல ஜோதிலிங்கம் சொல்ல வந்தார். நிறுத்திக்கொண்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரே ஒரு சொல் போதும் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"சரி."

அந்த ஒரு சொல் கீர்த்தி நகர் ஸ்டேஷன் வரை தாங்கியது. பிறகு, "ஆனா ஒண்ணு, அங்க அடுப்பெல்லாம் கரண்டு அடுப்பு, அதுல வந்து..." என்று ஆரம்பித்தார். பூங்கோதை ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டார்.

நீங்களும் சிரித்தீர்கள். இப்படியும் ஒரு மனிதரா என்று பக்கத்து வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டீர்கள். நல்லது. ஒரே ஒரு கேள்வி, மேலே போய்ப் பார்க்கக் கூடாது, ஒலிப்பதிவு ஒரு தடவைதான் ஓடும். பூங்கோதைக்குப் பரீட்சை எந்தக் கிழமை?

சனிக்கிழமையா? வாருங்கள், வாருங்கள். ஜோதிலிங்கத்துக்குப் பக்கத்து நாற்காலியை உங்களுக்காகவே காலியாக வைத்திருக்கிறேன்.