ஒற்றைத் தும்மல் ஆகாது

டாக்டர் சொன்னதை அப்படியே கேட்டு நடந்தது என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். அதற்கே ஒரு நிச்சயதார்த்தம் நின்றுபோகப் பார்த்தது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்புத் தகட்டை மிஷினில் அடித்து வளைக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை எனக்கு. சாவி, பேனா மூடி, தீக்குச்சி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் விட்டுக் காது குடைந்ததில் (அறிவு இருந்தால்தானே) இடது காது சவ்வில் ஓட்டை. முதலில் சீழ் வடிந்தது, பிறகு அந்தக் காதே கேட்கவில்லை. கடைசியில் காதுக்குப் பின்னால் அறுத்து, அங்கிருந்தே மெல்லிய சவ்வு எடுத்து ஓட்டையை அடைத்தார்கள்.

"ஒன்றரை மாசம் மூக்கச் சிந்தாதீங்க. தும்மல் வந்தா அடக்காதீங்க, வாய நல்லா தொறந்து தும்முங்க. அடக்கினா வெச்ச சவ்வு பிச்சிக்கும்" என்றார் டாக்டர்.

ஐந்தாம் நாள் மீஞ்சூரில் என் தம்பிக்கு நிச்சயதார்த்தம். தலையில் கட்டோடு முன்வரிசையில் உட்கார்ந்தேன். (பெண் வீட்டாரில் பாதிப் பேர் நான் பைக்கிலிருந்து விழுந்துவிட்டதாக நினைத்தார்கள்.) ஐயர் லக்னப் பத்திரிகை படிக்க வாயெடுத்தார். சாம்பிராணிப் புகை நேராக என் மூக்குக்கு வந்தது. அடக்கினால் சவ்வு போகும், தும்மினால் மானம் போகும். மானத்துக்குத் தையல் போட வேண்டியதில்லை என்று முடிவுசெய்து, வாயை ஆவென்று திறந்து தும்மினேன். பிரஸ் மிஷின் இறங்கிய மாதிரி இருந்தது. ஐயர் கையிலிருந்த தாள் கீழே விழுந்தது.

பெண்ணின் பெரியப்பா எழுந்துவிட்டார். "ஒத்தத் தும்மலு ஆவாதுப்பா. இன்னொரு நாளு பாத்துக்கலாம்."

தம்பி முகம் செத்துவிட்டது. என் மனைவி தேவி குனிந்து என் இடது காதில் ஏதோ சொன்னாள். கட்டுப் போட்ட காதில் ரகசியம் பேசுகிற ஒரே பெண்மணி உலகத்தில் அவள்தான்.

"இன்னா?" என்றேன், சபைக்கே கேட்கும்படி.

"இன்னொன்னு தும்மித் தொல. ரெட்டயா வந்தா நல்ல சகுனம்" என்றாள் அவளும், சபைக்கே கேட்கும்படி.

கேட்டால் வருகிற சாமானா அது? விளக்கை முறைத்தேன், மூக்கைத் தேய்த்தேன். கூடம் முழுக்க என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு புண்ணியவான் மூக்குப்பொடி டப்பியை வேறு நீட்டினார். அதைப் போட்டு ஏழெட்டு வந்துவிட்டால் யார் கணக்கு வைப்பது? பேசாமல் வாயைத் திறந்து "ஹாச்" என்று சொன்னேன். தும்மவில்லை, சொன்னேன். எழுத்துக் கூட்டிப் படித்த மாதிரி.

பெரியப்பா பந்திப் பக்கம் எட்டிப் பார்த்தார். அவருக்கும் பசி வந்திருக்க வேண்டும். "சரி, ரெண்டாயிடுச்சு. படிங்க சாமி" என்று உட்கார்ந்தார்.

சவ்வு நன்றாக ஒட்டிக்கொண்டது. காது இப்போது துல்லியமாகக் கேட்கிறது. அதுதான் தொந்தரவு. தம்பிக்கும் அவன் பெண்டாட்டிக்கும் சண்டை வரும்போதெல்லாம் அவள் அடுத்த அறையிலிருந்து என்னைத்தான் இழுக்கிறாள்: "மாமா வாயால சொன்ன தும்மல நம்பி வந்துட்டு, நான் இங்க பேஜார் பட்டுகினு கீறேன்."