மாப்பிள்ளை திருப்பித் தந்த ஏணி

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு, உங்கள் மனைவியின் அண்ணன் எழுதுவது. நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்பது மரியாதை என்பதால் கேட்டுவிட்டேன். பதில் வேண்டாம்.

ஏணியைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தீர்கள். தர முடியாது. அது என் ஏணி. உங்கள் குழாய்க் கடையில் பல வருடம் கிடந்ததால் உங்களுடையது ஆகிவிடாது. அதை நீங்கள் எப்போது, ஏன் திருப்பித் தந்தீர்கள் என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

போன வருடம் என் காதுக்குக் கீழே கழுத்தோரம் ஒரு கட்டி வந்தது. வலி கிடையாது. பல் டாக்டர் ஒரு பாவமும் அறியாத கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார், கட்டி அசையவில்லை. தெருமுனை டாக்டர் மாத்திரை கொடுத்தார். வற்றுவது போல் வற்றி மறுபடி வந்தது, அவரும் அதே மாத்திரையை மறுபடி கொடுத்தார். நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள், சுத்தம். “இருமலே இல்லையே, அப்புறம் என்ன?” என்று என் மனைவி எக்ஸ்ரேயைப் பீரோ மேல் போட்டாள். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா, “ஊசியால கொஞ்சம் எடுத்துப் பாத்துடலாம்” என்றார். அன்று சாயங்காலமே நீங்கள் என் வீட்டுக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து, “மச்சான், கட்டியில மட்டும் ஊசி படக் கூடாது. பட்டா உடம்பு பூரா பரவிடும். நான் நாலு பேர்கிட்ட விசாரிச்சுட்டேன்” என்றீர்கள். குழாய் விற்கிறவருக்கு இவ்வளவு வைத்தியமா என்று நானும் வாயைப் பிளந்தேன். ஊசி வேண்டாம் என்று முடிவாயிற்று.

அதற்குப் பிறகு எல்லோரும் என்னிடம் தேனாக ஒழுகினீர்கள். மனைவி டிவி ரிமோட்டை என் கையிலேயே கொடுத்தாள். நான் சொன்ன பழைய ஜோக்குக்கு என் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். நீங்கள் ஏணியைத் துடைத்து வாசலில் சாத்திவிட்டுப் போனீர்கள். வயதானால் மனிதர்கள் திருந்துகிறார்கள் என்று மடையன் நான் மகிழ்ந்துபோனேன். புற்றுநோய் என்று முடிவுகட்டி என்னை வழியனுப்பிக்கொண்டிருந்தீர்கள் என்பது யாருக்குத் தெரியும்!

இதற்குள் சாயங்காலமானால் காய்ச்சல், சட்டை தொளதொள. ஒருநாள் டிரைவிங் ஸ்கூல் வண்டியில் ஒரு பெண்ணுக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொடுக்கும்போது என் கழுத்து திரும்பவில்லை. “வா, வா, இன்னும் வா” என்றேன். விளக்குக் கம்பத்தில் போய் நின்றாள். “டாக்டர் சர்டிபிகேட் இல்லாம வண்டியில ஏறாதீங்க” என்றார் முதலாளி. முப்பது வருடம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவனை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள், மாப்பிள்ளை. அன்று அழுதேன். மறுநாள் யாரிடமும் சொல்லாமல் டாக்டரம்மாவிடம் போய் ஊசிக்குக் கழுத்தை நீட்டினேன்.

எறும்பு கடித்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான். கட்டியில் இருந்தது டிபி. டிபி என்றால் நெஞ்சில்தான், இருமலோடுதான் வரும் என்று நினைத்திருந்தேன். கழுத்து நெறிகட்டியிலும் குடியேறுமாம். “குத்தினா பரவாது. முதல் தடவை மாத்திரைக்கு அடங்காதப்பவே வந்திருந்தா, இந்நேரம் மருந்தே முடிஞ்சிருக்கும்” என்றார் டாக்டரம்மா. ஆறு மாத மருந்து, விடாமல் சாப்பிட்டால் குணம். பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டாது என்றும் சொன்னார்.

நான் பிழைத்துக்கொள்வேன் என்று தெரிந்த அன்றே ரிமோட் பறிபோனது. தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் ஆள் ஏணிக்கு வந்து நின்றான். ஆகவே ஏணியும் கிடையாது, உறவும் கிடையாது. இனி என் வாசலை நீங்கள் மிதிக்க வேண்டாம், உங்கள் வாசலை நான் மிதிக்கப்போவதில்லை.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். தங்கைக்கு அன்பு. உங்களுக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது தங்கை போன் செய்தாள். “அண்ணே, அவரு வீட்டுலயும் காலர் பட்டனைக் கழட்ட மாட்டேங்குறாருன்னு இன்னிக்குப் பிடிச்சுப் பாத்தேன். கழுத்துல ரெண்டு கட்டி. ஒரு வருஷத்துக்கு மேலயே இருக்காம்” என்று அழுகிறாள். நாலு பேரிடம் நீங்கள் விசாரித்தது யாருக்காக என்று இப்போது புரிகிறது. மேலே எழுதியதை எல்லாம் விடுங்கள். என்ன கட்டி என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, ஊசிக்குத்தான் தெரியும். நாளைக் காலை ஆட்டோ பிடித்து வந்து உங்கள் வாசலில் ஹார்ன் அடிக்கச் சொல்வேன். இந்தக் கடிதத்தையும் கையிலேயே தருகிறேன், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் படித்துக்கொள்ளுங்கள். ஏணியை மட்டும் கொண்டுவர மாட்டேன். குணமாகி வந்து சண்டை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.