ஆயிலில் ஈரம்

மாமனாரை வீட்டுக்குள் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். நான் கல்நெஞ்சன் இல்லை. வீட்டில் இருப்பதே இரண்டு அறை, அதில் ஒன்று எனக்கு. அவ்வளவுதான் விஷயம்.

அவருக்குச் சிறுநீரகம் இரண்டுமே கைவிட்டுக்கொண்டிருந்தன. தனிக்கட்டை. கால் வீங்கி, செருப்புகூட மாட்ட முடியாமல், நாலு மணி நேரத் தொலைவில், ஒழுங்கான ஆஸ்பத்திரி இல்லாத ஊரில் கிடந்தார். பஸ்ஸில் கூட்டிவர முடியாது, கார்தான் வேண்டும். கார் என்னுடையது. ஆக, கடவுளுக்கு அடுத்தபடி நான்தான்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை போய் அப்பாவைக் கூட்டிட்டு வந்துடலாமா? எனக்குப் பயமா இருக்கு" என்றாள் மனைவி.

அன்று காலைதான் எனக்கு வழி கிடைத்திருந்தது. எஞ்சின் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தால், உள்பக்கம் வெள்ளையாகப் பாலாடை மாதிரி அப்பியிருந்தது. மூடியை அப்படியே கொண்டுவந்து அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"பாத்தியா? ஆயில்ல தண்ணி! வண்டி வாசலைத் தாண்டக் கூடாது."

"ஐயையோ, எஞ்சின் போச்சா?"

"யார் வண்டியைச் சொல்றே? எஞ்சின் போயிருந்தா, அதைக் குளிர வைக்கிற கூலன்ட் தண்ணி குறைஞ்சிருக்கணும். ஒரு சொட்டு குறையலை. இது வெறும் ஈரம்."

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் என்னிடம் ஒரு விஷயம் கேட்கிறவர்கள் கிடையாது. கேட்டால் விடமாட்டேன்.

அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "ஈரம் எப்படிங்க உள்ளே போகும்?"

"நாம எங்கே போறோம்? ஆபீசு, விட்டா தெருமுனைக் கடை. எஞ்சின் சூடாகறதுக்குள்ள நிறுத்திடறோம். உள்ளே வேர்க்கிற தண்ணி வெளியே போகாம ஆயிலோட கலந்துடுது."

"அப்படியே விட்டா?"

"துருப்பிடிச்சுச் செத்துடும்."

"அடப் பாவமே! காயவைக்க வழியே இல்லையா?"

"ஏன் இல்லை? ஹைவேல நிறுத்தாம மணிக்கணக்கா ஓட்டினா, அத்தனையும் ஆவியாப் பறந்துடும். அப்புறம் புது ஆயில் மாத்திட்டா..."

பாதியில்தான் என் குரல் என் காதில் விழுந்தது.

"நாலு மணி நேரம் போதுமாங்க?" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். ஒரு காலத்தில் ஒரே அதட்டலில் என்னை நடுங்கவைத்த மனுஷர், தூக்கினால் கனமே இல்லை. "உங்களுக்குத் தொந்தரவு, மாப்ளே" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது. ஆனாலும் வழியெல்லாம் மனசு ஓடிக்கொண்டிருந்தது: இங்கே ஒரு டாக்டரிடம் காட்டி, மருந்து வாங்கிக் கொடுத்து, ஒரு வாரத்தில் திருப்பி அனுப்பிவிடலாம்.

மறுநாள் அவள் அப்பாவை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நான் ஆயில் மாற்றினேன். அவள் திரும்பி வந்ததும் பளபளவென்றிருந்த மூடியைக் காட்டினேன்.

"வண்டி தேறிடுச்சு! வர்ற ஞாயிறு மாமாவை ஊர்ல விட்டுட்டு வந்துடலாம்."

"அப்புறம் மறுபடி ஈரம் சேராதா?"

"சேரத்தான் செய்யும். அடிக்கடி தூரமா ஓட்டிக்கிட்டே இருக்கணும்."

"அப்ப நல்லதாப் போச்சு. அப்பாவுக்கு டயாலிசிஸாம், வாரம் மூணு நாள். ஆஸ்பத்திரி போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அவர் உயிரோட இருக்கிற வரைக்கும் உங்க வண்டி நல்லா இருக்கும்."