பவளக்காவின் கசெற்றில் என் குரல்

எனக்கு ஒரு வியாதி உண்டு. அரைகுறையாக விளங்கிய எதையும் பக்கத்தில் இருப்பவருக்கு முழுதாக விளக்காமல் என்னால் இருக்க முடியாது. முழுதாக விளங்கியவர்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள். என்னைப் போன்ற அரைவேக்காடுகளுக்குத்தான் வாய் சும்மா இராது. இதற்கு வைத்தியர்களிடம் மருந்து கிடையாது. (என் மனைவியிடம் உண்டு. ஆனால் இது நடந்தபோது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை.) எழுபதுகளில், மெல்பேணில், ஒரு சனிக்கிழமை பின்னேரம் இந்த வியாதி முற்றி நான் செய்த காரியத்தை இன்றைக்கும் என்னால் முழுதாகச் சிரித்துக்கொண்டு சொல்ல முடிவதில்லை. முயற்சி செய்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மெல்பேணின் புறநகரான புட்ஸ்கிரேயில் செல்வண்ணை வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தேன். செல்வண்ணை எஞ்சினியர். அவர் மனைவி பவளக்கா யாழ்ப்பாணத்தில் பேர் எடுத்த பாட்டுக்காரி. கோயில் திருவிழாக்களில் அவர் பாட வருகிறார் என்றால் கடலைக்காரர்கள் கூடச் சத்தம் போடாமல் விற்பார்களாம். செல்வண்ணைக்கு லீவு கிடைக்காததால் கல்யாணம் மெல்பேணிலேயே நடந்தது. அதனால் பவளக்காவின் அப்பா தன் மருமகனைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தார். அவர் ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்ரர், ஊரில், கொக்குவிலில் தனியாக இருந்தார். எல்லாக் கடிதத்திலும் கடைசியில் ஒரே கேள்விதான் கேட்பார்: மருமகனுக்குச் சங்கீதம் தெரியுமா?

தெரியாது. செல்வண்ணை தங்கமான மனிதர், ஆனால் சுருதிப்பெட்டி ஒலிக்கத் தொடங்கினால் ஐந்தாவது நிமிடத்தில் குறட்டை விடுவார். கிழவருக்கோ, சங்கீதம் தெரியாத வீட்டுக்குப் போன மகள் பாட்டையே விட்டுவிடுவாள் என்ற பயம். அந்த வருடம் அவருக்கு நெஞ்சு வருத்தம் கடுமையாகி, பயணம் செய்யவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். 'உன்னுடைய தோடியை ஒருமுறை கேட்டால் போதும்' என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு பவளக்கா குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் நின்று அழுததை நான் கண்டேன்.

அப்போது மெல்பேணில் இருந்த தமிழர் எல்லாரையும் ஒரு மண்டபத்தில் இருத்தினாலும் பாதிக் கதிரை மிஞ்சும். இருந்தாலும் எல்லாரும் சேர்ந்து ஒரு சேர்ச் மண்டபத்தை எடுத்து, பவளக்காவின் கச்சேரியை ஒழுங்குசெய்தார்கள். அதை ரேப்பில், அதாவது ஒலிநாடாவில், பிடித்து, மறுநாள் காலை கொழும்புக்குப் பறக்க இருந்த ஒருவரிடம் கொடுத்தனுப்புவது என்று முடிவாயிற்று. பிடிக்கிற பொறுப்பை யார் எடுத்தது என்று கேட்காதீர்கள். எல்லாருக்கும் முதல் கையைத் தூக்கினது நான்தான்.

இனிப் பேஸ்போலுக்கு வருகிறேன். வராமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

நான் கட்டடப் படம் வரைகிற வேலை பார்த்த கந்தோரில் எனக்குப் பக்கத்து மேசைக்காரன் கென். குளிர்காலச் சனிக்கிழமைகளில் உள்ளூர்க் கழகம் ஒன்றுக்குப் பேஸ்போல் ஆடுவான். நான் கிரிக்கெட்டில் ஊறியவன், சும்மா பார்க்கத்தான் போனேன். (மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருநாள் விளையாடியும் பார்த்தேன். பேஸ்போலில் அடித்தவன் மட்டையைப் போட்டுவிட்டு, மூன்று பேஸ்களையும் தொட்டுச் சுற்றி, அடித்த இடமான ஹோமுக்கே திரும்பி ஓடி வர வேண்டும். நானோ பந்தை அடித்துவிட்டு, மட்டையையும் தூக்கிக்கொண்டு ஓடி, முதலாவது பேஸில் மட்டையை நீட்டிக் கோடு தொட்டேன். கந்தோரில் ஒரு மாதம் வேலை நடக்கவில்லை.) ஆனால் அந்த மைதானம் எனக்குப் பிடித்துவிட்டது. வாயால் புகை வருகிற குளிர், பாணுக்குள் வைத்த சொசேஜ், பிளாஸ்க் தேத்தண்ணி. எல்லாவற்றையும் விட, அங்கே எல்லாரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். பந்து எறிகிறவனைப் பிடிக்கிறவன் உசுப்பினான், ஓரத்து மர வாங்கில் குந்தியிருந்தவர்கள் நடுவருக்குப் புத்தி சொன்னார்கள், பார்க்க வந்தவர்கள் ஆட்டக்காரருக்குப் புத்தி சொன்னார்கள். 'வாயை மூடு' என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்காகவே கண்டுபிடித்த விளையாட்டு என்று நினைத்தேன்.

கென்னிடம் ஒரு அருமையான கசெற் ரெக்கோடர் இருந்தது. இரவல் கேட்டேன். "தருகிறேன். ஆனால் நானும் வருவேன்" என்றான். "நீ என் விளையாட்டைப் பார்க்க வருகிறாய். உங்கள் விளையாட்டை நான் பார்க்க வேண்டாமா?"

சனிக்கிழமை கென் காலையில் ஆடிவிட்டு, காலில் சேறு காயாமலே ரெக்கோடரோடு வந்து சேர்ந்தான். மேடைக்கு முன்னால் ஒரு சின்ன மேசை போட்டு அதில் ரெக்கோடரை வைத்தேன். அதற்குள்ளேயே மைக் இருந்தது. கசெற்றை இடையில் திருப்பிப் போட வேண்டும் என்பதால் மேசையோடு ஒட்டினாற்போல் என் கதிரை. எனக்குப் பக்கத்தில் கென். பரிசோதனைக்காக "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சொல்லிப் போட்டுக் கேட்டேன். என் குரல் கண்ணாடி போல விழுந்திருந்தது. எனக்குப் பரம திருப்தி. அந்தத் திருப்தியில் கொஞ்சம் யோசித்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

வயலினும் இல்லை, மிருதங்கமும் இல்லை. மெல்பேணில் அப்போது ஆட்கள் கிடைக்கவில்லை. சுருதிப்பெட்டி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பவளக்கா பாடத் தொடங்கினார். மூன்று சின்னப் பாட்டுகள் போயின. நான் கையால் தாளம் போட்டுக்கொண்டு நல்ல பிள்ளையாக இருந்தேன். பிறகு தோடி ஆலாபனையை எடுத்தார். அப்பாவுக்காக எடுத்தார் என்பது மண்டபத்தில் எல்லாருக்கும் தெரியும். ஒரு குழந்தைகூட அழவில்லை.

கென் என் காதருகே குனிந்தான். "இது என்ன? சொல்லே இல்லையே?"

கேட்டான். அவன் கேட்டிருக்கக் கூடாது.

இதற்குப் பிறகு நான் பேசியது எல்லாம் ஆங்கிலம். இங்கே தமிழில் தருகிறேன், இலக்கணப் பிழைகள் மட்டும் விட்டுப்போகும்.

"இது ஆலாபனை. இன்னும் ஓடத் தொடங்கவில்லை. மட்டையோடு நிற்கிறா. எந்தப் பக்கம் அடிக்கலாம் என்று பார்க்கிறா."

"எவ்வளவு நேரம் பார்ப்பா?"

"அது அவவின் இஷ்டம். இங்கே நடுவர் கிடையாது."

கென் ஆர்வத்தோடு தலையாட்டினான். ஒருவன் தலையாட்டினால் எனக்கு நிறுத்த வராது. பவளக்கா மேல் ஸ்தாயிக்கு ஏறினார். "பார், பார், பந்து வேலிக்கு மேலால் போகுது" என்றேன். பாட்டு தொடங்கியது. "இதுதான் பல்லவி. இது ஹோம். இனி முதலாம் பேஸ், இரண்டாம் பேஸ் என்று போவா, எங்கே போனாலும் கடைசியில் இங்கே திரும்பி வந்தே ஆக வேண்டும்." நான் சொன்னதில் பிழை இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். சொன்ன இடம்தான் பிழை. இதற்கிடையில் தாளமும் சும்மா இருக்கவில்லை. தொடையில் போட்டுக்கொண்டிருந்த கை, உற்சாகத்தில் எப்போது மேசைக்கு மாறியதென்று எனக்கே தெரியாது. ரெக்கோடர் வைத்த அதே மேசைக்கு.

சரணம் முடிந்து, நீண்ட சுரங்கள் பாடி, ஒரு மூச்சு நேரம் நிறுத்தி, பவளக்கா மெல்ல இறங்கிப் பல்லவிக்கு வந்து சேர்ந்தார். பாட்டிலேயே அழகான இடம் அதுதான். அங்கே என் மாணவன், படித்த பாடத்தை மறக்காமல், எழும்பி நின்று கத்தினான்: "ஹோம்!"

நானும் கத்தினேன்.

சனம் திரும்பிப் பார்த்தது. பிறகு சிரித்தது, கைதட்டியது. வெள்ளைக்காரன் ஒருவன் இவ்வளவு ரசிக்கிறானே என்று எல்லாருக்கும் பெருமை. வாசலோரக் கதிரையில் நித்திரையாய் இருந்த செல்வண்ணைகூட எழும்பிக் கைதட்டினார். பவளக்கா கண்ணை மூடியபடியே பாடிக்கொண்டிருந்தார்.

கச்சேரி முடிந்ததும் கொழும்புக்குப் போகிறவர் காரில் ஏறிவிட்டு அவசரப்படுத்தினார். பவளக்கா வேர்த்த முகத்தோடு என்னிடம் வந்தார்.

"தம்பி, வடிவா விழுந்திருக்கோ? ஒருக்காப் போட்டுக் கேட்டனீரோ?"

"ஓம் அக்கா. கேட்டனான். எல்லாம் கிளியர்."

நான் கேட்கவில்லை. அந்த 'ஒன்று, இரண்டு, மூன்று' ஒன்றைத்தான் கேட்டிருந்தேன். வாய் தவறி வந்த பொய்யும் இல்லை அது. அவர் முகத்தைப் பார்த்ததும், நல்ல சேதி சொல்ல வேண்டும் போல இருந்தது, சொன்னேன். பேசிய பேச்சையெல்லாம் மன்னித்தாலும் அந்த ஒரு 'ஓம் அக்கா'வை நான் எனக்கே மன்னிக்கவில்லை.

ஐந்து வாரத்தில் நீல விமானக் கடிதம் வந்தது. பவளக்கா குசினியில் நின்றபடியே எங்கள் இரண்டு பேருக்கும் உரத்து வாசித்தார்.

'உன் குரல் பழுதுபடவில்லை, சந்தோஷம். மிருதங்கக்காரர் பிந்துகிறார். அடுத்தமுறை வேறு ஆளை ஒழுங்குசெய்.'

"மிருதங்கமோ?" என்றார் செல்வண்ணை. "அண்டைக்கு ஆர் மிருதங்கம் அடிச்சது?"

இருவரும் என் கையைப் பார்த்தார்கள். நான் என் கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்தேன். பவளக்கா தொடர்ந்தார்.

'மருமகனைப் பற்றி நான் வீணாகக் கவலைப்பட்டுவிட்டேன். வெள்ளைக்காரருக்கே ராகத்தை விளக்கும் அளவுக்கு ஞானமுள்ளவர் என்று இப்போதுதான் அறிந்தேன். இனி உன் பாட்டைப் பற்றி எனக்குப் பயமில்லை. ஆனால் நீ பாடும்போது அவரைச் சற்றுக் குறைவாகப் பேசச் சொல். தோடியில் நீ மேலே போகிற இடத்தில் எனக்கு உன்னைக் கேட்கவில்லை.'

செல்வண்ணை கதிரையில் இருந்து விழும்வரை சிரித்தார். "அடப்பாவி! நான் நித்திரை கொண்டு முழிக்கிறதுக்கிடையில என்ர மாமாவுக்கு நீர் மருமகனாப் போட்டீரே!"

பவளக்கா சிரிக்கவில்லை. கடிதத்தை மடித்தார். "நீர் கேட்டனான் எண்டு சொன்னீர், தம்பி" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் கென்னிடம் ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் வெளிறிப்போயிற்று. அன்றைக்கே ரெக்கோடரைக் கொண்டுவந்து, எவ்வளவு நாளும் வைத்திருக்கலாம் என்று தந்துவிட்டுப் போனான். வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே, ஒருவரும் இல்லாமல், தோடியை மறுபடி பாடிப் பிடிப்பது என்று பேசிக்கொண்டோம். பிடிக்கும்போது நான் பார்க்கில் போய் நிற்பதாக ஏற்பாடு. பவளக்கா தினமும் காலையில் சாதகம் செய்தார். நான் மூச்சுக்கூடப் பலமாக விடவில்லை.

வியாழக்கிழமை தந்தி வந்தது. அப்பா போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரெக்கோடர் மேசையில் அப்படியே இருந்தது. பவளக்கா பாடவில்லை. பிறகு பிள்ளைகள், வேலை, தொண்டையில் ஒரு ஒப்பரேசன் என்று வந்து, அவர் மேடை ஏறவே இல்லை. அந்த ஒரு கசெற்தான் மிச்சம். யாரோ ஊரிலிருந்து அதைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தபோதுதான் நாங்கள் முதல்முறை கேட்டோம். எனக்குக் காது எரிந்தது. பவளக்கா தூரத்தில் எங்கேயோ நின்று பாடுகிறார். நான் கிழவரின் மடியில் ஏறி உட்கார்ந்திருப்பதுபோலப் பேசுகிறேன்.

இதற்கெல்லாம் பிறகும் அவர்கள் என்னை வீட்டைவிட்டுத் துரத்தவில்லை. எனக்குப் பெண் பார்த்ததே பவளக்காதான். அந்தக் குடும்பத்தில் எனக்கு இன்றுவரை பெயர் 'ரேப் மருமகன்'. எந்தக் கலியாணவீட்டிலும் செல்வண்ணை என்னை அப்படித்தான் அறிமுகம் செய்வார். புதிதாகக் கேட்கிறவர்களுக்குக் கதை முழுவதையும் சொல்வார், மிருதங்கத்தையும் விடமாட்டார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். கச்சேரிகளுக்குப் போனால் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். கென்னும் நானும் வயதான காலத்திலும் பேஸ்போல் பார்க்கப் போவோம். அவன் பேசுவான், நான் கேட்பேன்.

சில வருடங்களுக்கு முன் பவளக்காவின் மகள் அந்தக் கசெற்றைக் கணினியில் ஏற்றினாள். "அங்கிள், யூ நெவர் ஸ்ரொப்!" என்று தலையில் கைவைத்தாள். இப்போது வந்திருக்கிற வசதியால் என் குரலை மட்டும் பிரித்து எடுத்துவிடலாம், அம்மாவின் பாட்டு தனியாக வரும் என்றாள். நான் பாய்ந்து விழுந்து சம்மதித்தேன். எத்தனை வருடப் பாரம்.

"வேண்டாம், விடு பிள்ளை" என்றார் பவளக்கா. "அப்பா கேட்டது இதைத்தான்."

அப்பாவின் திவசத்தன்று, படைத்துச் சாப்பிட்ட பிறகு, அதைப் போடுவார்கள். நானும் போவேன், போகாமல் இருக்க மனம் வராது. பேரப்பிள்ளைகளுக்கு என் விளக்கம் முழுவதும் மனப்பாடம். அந்த இடம் வந்ததும் செல்வண்ணை உட்பட எல்லாரும் எழும்பி நின்று "ஹோம்!" என்று கத்துவார்கள், விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பவளக்கா மட்டும் கத்துவதில்லை. தலையைச் சரித்துக்கொண்டு, அந்தச் சத்தத்துக்குக் கீழே தான் எப்படிப் பாடினார் என்று கேட்கப் பார்ப்பார். ஒவ்வொரு வருடமும் முயன்று பார்க்கிறார். இன்னும் அவருக்குக் கேட்கவில்லை.